காத்திருத்தல் கையறுநிலை அன்று

பொறுமை என்னும் சொல்லைப் போல் மிகுதியாகப் போற்றப்படுவதும் மிகுதியாகத் தவறாக வழங்கப்படுவதுமான சொல் நம்மிடையே வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. கூலி கேட்கும் தொழிலாளியிடம் அச்சொல் கூறப்படுகிறது. தீரா நோயில் வாடும் தாயிடம் கூறப்படுகிறது. மேற்கல்விக்கு இடம் கிடைக்காமல் கலங்கி நிற்கும் மாணவனிடமும் கூறப்படுகிறது. கூறுகின்றவர் யார் என்று சற்றே திரும்பிப் பார்த்தால், அவர் பெரும்பாலும் கூலி கொடுக்க வேண்டியவராகவோ, நோயற்றவராகவோ, இடம் கிடைத்துவிட்டவராகவோ இருப்பதைக் காணலாம். பிறர் முதுகில் ஏற்றப்படும் சுமையைப் பொறுமை என்று பெயரிட்டு அழைப்பது எளிது.

திருவள்ளுவப் பெருந்தகை பொறையுடைமைக்கு 16ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. 49ஆம் அதிகாரத்தில் காலமறிதலையும், 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும், 63ஆம் அதிகாரத்தில் இடுக்கண் அழியாமையையும் வைத்தார். பொறுத்தல் வேறு, சோம்பியிருத்தல் வேறு, உரிய காலம் நோக்கி இருத்தல் வேறு என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இவ்வேறுபாட்டைத் திருக்குறள் வகுப்பில் தெளிவாக விளக்கும் நாமே, வாழ்க்கையில் துன்புறுவோர் எதிரில் நிற்கும்போது மறந்துவிடுகிறோம்.

கிறித்தவ நெறி பொறுமையைத் தன் தலையாய பண்புகளுள் ஒன்றாக வைத்துள்ளது. துன்பத்தின் நடுவிலும் நிறைவேறாத ஆசைகளின் நடுவிலும் காத்திருக்கும் விசுவாசம் எத்தகையது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதைப் பற்றி இன்று மூன்று குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. ‘விசுவாசம் இருந்தால் காத்திருக்கவே வேண்டியதில்லை, கேட்டது உடனே கிடைக்கும்’ என்பது முதற் குரல். ‘விசுவாசம் என்றால் வாய் திறவாமல் இருப்பது, முறையிடுதல் பாவம்’ என்பது இரண்டாவது. ‘இந்தப் பொறுமையே ஏழையை மயக்கும் மருந்து’ என்பது மூன்றாவது. முதலிரண்டும் கோயிலுக்கு உள்ளிருந்து எழுகின்றன. மூன்றாவது வெளியிலிருந்து எழுகின்றது. மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவன போல் தோன்றினாலும், காத்திருத்தல் என்பது வெறுமை என்னும் ஒரே பிழையிலிருந்தே மூன்றும் பிறக்கின்றன என்பது என் வாதம்.

இரண்டு ஆண்டும் எழுபது ஆண்டும்

முதற் குரலை முதலில் எடுத்துக்கொள்வோம். செழிப்பின் உபதேசம் என்று வழங்கப்படும் இப்போதனை மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசித் திரையிலும் இடைவிடாது ஒலிக்கின்றது. நோய் நீங்கும், கடன் தீரும், பதவி உயரும். நீங்காவிட்டால், தீராவிட்டால், உயராவிட்டால் குறை உன் விசுவாசத்தில் என்பதே இதன் சாரம். இதன் கணக்கு மிகவும் வசதியானது. நலம் கிடைத்தால் பெருமை போதகருக்கு. கிடைக்காவிட்டால் பழி நோயாளிக்கு. மேடையேறிச் சாட்சி கூற அழைக்கப்படுபவர் நலம் பெற்றவரே. நலம் பெறாதவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். அவரை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. தேர்ச்சி பெற்ற மாணவரை மட்டும் எண்ணி நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று அறிவிக்கும் பள்ளியை நாம் ஒப்புக்கொள்வோமா?

இப்போதனை புதியதன்று. எரேமியாவின் நூல் 28ஆம் அதிகாரத்தில் இதன் மூதாதையைக் காணலாம். கி.மு. 597இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமை வென்று, அரசனையும் பெருமக்களையும் கைவினைஞரையும் சிறைப்பிடித்துச் சென்றான். எஞ்சியிருந்தோர் நடுவில் அனனியா என்னும் தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பி வருவர், கொள்ளைபோன ஆலயப் பொருள்களும் திரும்பிவரும் என்று அறிவித்தான். எரேமியாவோ அடிமை நிலையின் அடையாளமாகத் தன் கழுத்தில் மர நுகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தவன். அனனியா மக்கள் எதிரில் அந்நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். கூட்டம் எத்தகைய மகிழ்ச்சி அடைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எரேமியா முதலில் ‘ஆமென், அவ்வாறே ஆகட்டும்’ என்றுதான் சொன்னான். மக்கள் விடுதலை பெறுவதில் அவனுக்கு என்ன வெறுப்பு? ஆனால் ஆசையும் உண்மையும் ஒன்றல்ல என்பதை அவன் அறிந்திருந்தான். எனவே, மர நுகம் போயிற்று, அதன் இடத்தில் இரும்பு நுகம் வரும் என்று அறிவித்தான்.

அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனில் இருந்தோர்க்கு ஒரு கடிதம் எழுதுகிறான். எழுபது ஆண்டு காத்திருக்க வேண்டும் என்கிறான். எழுபது ஆண்டு என்றால் ஒரு மனிதனின் முழு ஆயுள். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களுள் பெரும்பாலோர் தாய்மண்ணை மீண்டும் காணப்போவதில்லை என்பதே அதன் பொருள். இத்தனை கசப்பான செய்தியைச் சொன்னவன், அழுதுகொண்டு உட்காருங்கள் என்று சொல்லவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் அந்த ஊரின் நலனுக்காகவே உழைத்து வேண்டுதல் செய்யுங்கள் என்று எழுதினான்.

இருவரையும் ஒப்பிட்டு நோக்குக. இரண்டு ஆண்டில் திரும்பப் போகிறவன் வீடு கட்டமாட்டான், மரம் நடமாட்டான். மூட்டை கட்டிவைத்துக்கொண்டு வாசலிலேயே குந்தியிருப்பான். இரண்டு ஆண்டு கழிந்து ஒன்றும் நடவாதபோது அவனுடைய நம்பிக்கையும் அந்த வாசலிலேயே மடிந்துவிடும். எழுபது ஆண்டு என்று அறிந்தவனோ இன்றைக்கே மண்வெட்டியை எடுப்பான். அவசர நம்பிக்கை மனிதனைச் சோம்பேறியாக்குகிறது; நெடிய நம்பிக்கையே அவனை உழைப்பாளியாக்குகிறது. கி.மு. 539இல் பாபிலோன் பாரசீகரிடம் வீழ்ந்த பின்னர் திரும்பிச் செல்ல ஒரு மக்கள் கூட்டம் இருந்தது என்றால், அது எரேமியாவின் கடிதப்படி வீடு கட்டியோரின் வழித்தோன்றலே அன்றி அனனியாவின் பேச்சைக் கேட்டு மூட்டை கட்டியோரின் வழித்தோன்றலாக இருந்திருக்க இயலாது.

‘இயேசுபிரான் நோயாளிகளை உடனுக்குடன் குணமாக்கவில்லையா?’ என்று இவர்கள் வினவுவர். குணமாக்கினார், மறுப்பாரில்லை. ஆனால் யோவான் எழுதிய நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் வரும் பெதஸ்தா குளக்கரையில் நோயாளிகள் பலர் கிடந்தனர். 38 ஆண்டு நோயுற்றிருந்த ஒருவனே அன்று எழுந்து நடந்தான். மற்றவர்களை நோக்கி ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று அவர் பழிக்கவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்றே விடை பகர்ந்தார். அப்போஸ்தலனாகிய பவுல் தன் உடலில் இருந்த ‘முள்’ நீங்கும்படி மும்முறை மன்றாடினான். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் அருளே விடையாகக் கிடைத்தது. கெத்செமனே தோட்டத்தில், துன்பப் பாத்திரம் தம்மை விட்டு அகலுமாறு இயேசுவே வேண்டினார், அது அகலவில்லை. கேட்டது கிடைக்காமற்போவது விசுவாசக் குறைவின் அடையாளம் என்றால், பவுலுக்கும் விசுவாசம் குறைவு, கிறிஸ்துவுக்கும் குறைவு என்றன்றோ முடியும்? இம்முடிவை எந்தப் போதகரும் ஏற்கமாட்டார். முடிவை ஏற்க மறுப்பவர் அதற்கு அடிகோலும் போதனையையும் கைவிடுவதே நேர்மை.

முறையீடும் பொறுமையே

இனி இரண்டாம் குரல். ‘யோபுவின் பொறுமை’ என்பது கிறித்தவர் வீடுகளில் பழமொழி போல் வழங்குகிறது. துன்பத்தில் வாய் திறந்து முறையிட்டவரை அடக்க இப்பெயரே கோலாகப் பயன்படுகிறது. அப்பெயரைக் கையாளுவோர் யோபுவின் நூலை இரண்டாம் அதிகாரத்துக்கு மேல் படித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்நூலில் 42 அதிகாரங்கள் உள்ளன. முதலிரண்டில் யோபு மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து அமைதி காக்கிறான். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதிலிருந்து 31ஆம் அதிகாரம் வரை நண்பர்களோடு வாதாடுகிறான்; இறைவனோடும் வழக்காடுகிறான்; தனக்கு நீதி வேண்டும் என்று கேட்கிறான்.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள் அவனைக் காண வந்து ஏழு நாள் அவனோடு தரையில் வாய் பேசாது அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அந்த ஏழு நாள் மௌனம் ஒன்றே. வாய் திறந்ததும் தொடங்கியது கேடு. நீ பாவம் செய்திருப்பாய், இல்லையேல் இத்துன்பம் வந்திராது என்று அழகிய மொழியில், இறைவனின் வழக்கறிஞர் போல் வாதிட்டனர். முடிவில் தீர்ப்பு என்ன? இறைவன் சினந்தது யோபுவின் மீதன்று. இறைவனுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் மீது. யோபு பேசியதுபோல் அவர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று இறைவனே கூறுவதாக 42ஆம் அதிகாரம் உரைக்கின்றது. யோபு அவர்களுக்காக வேண்டுதல் செய்ய வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது. ஆசிரியர் குழாமே, தேர்வுத்தாளில் ஒழுங்காக எழுதியவரெல்லாம் தவறி, கிறுக்கி அடித்து வினாத்தாளையே கேள்வி கேட்டவன் தேர்ச்சி பெற்ற வியப்பு அது.

அவ்வாறாயின் யோபுவின் பொறுமை எதில் இருந்தது? அவன் விலகிப் போகாமையில் இருந்தது. வழக்காடியவன் வழக்குமன்றத்தை விட்டு வெளியேறவில்லை. விடை கிடைக்கும்வரை அங்கேயே நின்றான். சங்கீதங்கள் 150இல் புலம்பல்கள் மிகுதி. அவற்றுள் 88ஆம் சங்கீதம் இருளைப் பற்றிய சொல்லோடேயே முடிந்துவிடுகிறது. ஆறுதல் வரி ஒன்று கூட அதன் ஈற்றில் இல்லை. அத்தகைய பாடலையும் வழிபாட்டு நூலில் சேர்த்துவைத்த முன்னோர், அழுகையையும் வழிபாட்டின் பகுதியாகவே மதித்தனர் என்பது வெளிப்படை. கண்ணீரைத் தடைசெய்யும் போதகர் அம்முன்னோரைக் காட்டிலும் பக்திமான் ஆகிவிட்டாரா?

நம் மொழியே இங்கு நமக்குத் துணை நிற்கின்றது. பொறை என்னும் சொல்லுக்குப் பொறுமை என்பது மட்டுமன்றிப் பாரம், சுமை என்றும் பொருளுண்டு. பொறுத்தல் என்றால் தாங்குதல். சுமை தாங்குபவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க இயலாது. கழுத்தும் தோளும் காலும் ஒருங்கே உழைக்க வேண்டும். மூச்சு வாங்கும், முனகலும் வரும். முனகுவதால் அவன் சுமையை எறிந்துவிட்டான் என்று பொருளாகாது. புதிய ஏற்பாட்டில் பொறுமைக்கு வழங்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘ஹுப்பொமொனே’ என்பதும் சுமையின் கீழ் அகலாது நிலைத்திருத்தல் என்னும் பொருளுடையதே. எபிரேயத்தில் நம்பிக்கையைக் குறிக்கும் ‘திக்வா’ என்னும் சொல் கயிற்றையும் குறிக்கும். எரிகோ நகரத்து ராகாப் சாளரத்தில் கட்டிய சிவப்பு நூற்கயிற்றுக்கு அச்சொல்லே வழங்கப்பட்டுள்ளது. சுமையும் கயிறும் உழைப்பாளியின் கைப்பொருள்கள் அல்லவா?

மயக்கமா, விழிப்பா?

மூன்றாம் குரலை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். பொறுமையை மயக்க மருந்தாக ஊட்டியவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் அத்தகையோரை முதலில் கண்டித்தது கிறித்தவ மறையே என்பதைக் குறைகூறுவோர் அறிய வேண்டும். யாக்கோபு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரம், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிர்த்தொழிலாளியைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. இப்பகுதியைப் பலர் மேற்கோள் காட்டுவர். அதற்கு நேர்முன்னே என்ன உள்ளது என்பதைக் காட்டுவார் அரியர். வயலை அறுத்த வேலைக்காரரின் கூலியைப் பிடித்துவைத்த செல்வர்களை நோக்கி, அக்கூலியே உங்களுக்கு எதிராகக் கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் முறையீடு ஆண்டவரின் செவியை எட்டியுள்ளது என்று அந்நிருபம் இடி முழக்கம் செய்கிறது. முதலில் கூலி, பிறகே பொறுமை. கூலியை மறைத்துவிட்டுப் பொறுமையை மட்டும் வாசிப்பவன் மறைநூலைப் பாதியாகக் கிழித்தவன் ஆவான்.

பயிர்த்தொழிலாளியின் உவமை நம் நாட்டவர்க்குப் பால்மரத்தால் நன்கு விளங்கும். ரப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். மரத்தின் முன் நின்று கெஞ்சினாலும் மிரட்டினாலும் அக்காலம் சுருங்காது. ஆனால் அவ்வாண்டுகளில் களையெடுக்காமலும் உரமிடாமலும் கன்றைப் புறக்கணித்தவனுக்கு, ஏழாம் ஆண்டில் மங்கில் விழுவதற்கு ஒரு சொட்டுப் பாலும் இராது. காலம் நம் கையில் இல்லை. களை நம் கையில் இருக்கின்றது. கிறித்தவப் பொறுமையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக உரைக்க எனக்குத் தெரியாது.

மயக்க மருந்து உண்டவன் உறங்குவான். சான் பனியன் உறங்கினாரா? இங்கிலாந்தில் உரிமமின்றிச் சமயப் பேருரை ஆற்றிய குற்றத்துக்காக 1660இல் பெட்ஃபோர்டுச் சிறையில் அடைக்கப்பட்ட அவர், 1672 வரை பன்னிரண்டு ஆண்டு அங்கே கழித்தார். இனி உரையாற்றமாட்டேன் என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் வெளிவந்திருக்கலாம், கொடுக்கவில்லை. வெளியே மனைவியும் நான்கு பிள்ளைகளும். மூத்த மகளுக்குக் கண் தெரியாது. சிறையில் இருந்தபடியே காலணிக் கயிறுகளுக்கு முனை கட்டி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். மனைவி எலிசபெத்து நீதிபதிகள் முன் நேரில் சென்று கணவருக்காக வாதாடினார். எழுதவும் செய்தார் பனியன். 1678இல் வெளிவந்த அவருடைய ‘மோட்சப் பயணம்’ உலகெங்கும் பரவியது. தொழில், முறையீடு, எழுத்து ஆகிய மூன்றும் நிறைந்த பன்னிரண்டு ஆண்டுகளை மயக்கம் என்று அழைப்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

அந்நூலே தமிழில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்துக்கு மூலமாயிற்று. அதை இயற்றிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) நம்மைப் போல் ஒரு தமிழாசிரியர். நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழ் கற்பித்து, 1858இல் கிறித்தவரானவர். பல்லாண்டு உழைப்பின் பின் 1894இல், தம் அறுபத்தேழாம் அகவையில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தை நூலாகக் கண்டார். ஓர் ஆங்கிலச் சிறைவாசியின் காத்திருப்பு இருநூறாண்டு கடந்து ஒரு தமிழாசிரியரின் காத்திருப்பில் காப்பியமாய் விளைந்தது. இவ்விளைவுக்கு மயக்கம் என்று பெயரிட இயலாது.

கைம்மாறு இல்லாத பொறுமை

ஆனால் வாதம் இத்துடன் முடிந்துவிட்டால் அது நேர்மையாகாது. பனியன் விடுதலை பெற்றார். கிருஷ்ணபிள்ளை நூலைக் கண்டார். கடைசிவரை ஒன்றுமே கிடைக்காதவர்களின் நிலை என்ன? ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்கிறது நம் பழமொழி. பொறுத்தும் பூமி ஆளாதோரை எங்கே வைப்பது?

நாகசாகியின் வரலாறு இக்கேள்வியை நேருக்கு நேர் எழுப்புகின்றது. சப்பானில் 1614இல் தோக்குகாவா அரசு கிறித்தவத்தை நாடு முழுதும் தடைசெய்தது. எஞ்சியிருந்த கடைசிக் குருவானவரும் 1644இல் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறாண்டுக்கு மேல் அங்கே குருவும் இல்லை, கோயிலும் இல்லை. நாகசாகியை அடுத்த சிற்றூர்களின் உழவரும் மீனவரும் மறைவில் தம் நெறியைக் காத்தனர். ஊருக்கு ஒருவர் திருநாள்களைக் கணித்தார். இன்னொருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். வேண்டுதல்களைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகக் கற்பித்தனர். அவர்கள் எல்லாரும் வீரர்கள் என்று நான் கூறவரவில்லை. கிறிஸ்துவின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதிக்குமாறு அதிகாரிகள் ஆணையிட்டபோது பலரும் மிதித்தனர். வீடு திரும்பி மனம் வருந்தி மன்னிப்பு வேண்டினர். அடுத்த ஆண்டும் அதுவே நடந்தது. ஆயினும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை அவர்கள் நிறுத்தவில்லை.

1865 மார்ச்சு 17ஆம் நாள், அயல்நாட்டவர்க்காக நாகசாகியின் ஓவுராவில் எழுப்பப்பட்ட கோயிலுக்கு உராக்காமி என்னும் ஊரிலிருந்து ஒரு சிறு குழு வந்தது. பெத்தித்சான் என்னும் பிரெஞ்சுக் குருவிடம், தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று மெல்லத் தெரிவித்து, மரியன்னையின் திருவுருவம் எங்கே என்று வினவியது. ஏழு தலைமுறைக் காத்திருப்பு நிறைவேறியது என்று கதையை இங்கே முடித்துவிடலாம்; மேடைப் பேச்சாளர் பலர் முடித்துவிடுவர். ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. மறைந்திருந்தோர் வெளிப்பட்டதால் மீண்டும் ஒடுக்குமுறை எழுந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உராக்காமி மக்கள் நாடுகடத்தப்பட்டு, சுமார் அறுநூறு பேர் மாண்டனர். 1873இல்தான் தடைப்பலகைகள் அகற்றப்பட்டன. திரும்பிவந்தவர்கள், தாங்கள் ஆண்டுதோறும் திருவுருவை மிதிக்க நேர்ந்த ஊர்த்தலைவரின் மனையையே விலைக்கு வாங்கி, 1895இல் கோயில் எழுப்பத் தொடங்கினர். 1914இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் அக்கோயிலுக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில் வானில் அணுகுண்டு வெடித்தது. உராக்காமியின் கிறித்தவர் பன்னீராயிரம் பேருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர்.

இப்பொழுது யாரேனும் எழுந்து, பொறுமை ஒரு சேமிப்புக் கணக்கு, வட்டியோடு திரும்பிவரும் என்று சொல்லட்டும். இருநூற்றைம்பது ஆண்டுச் சேமிப்புக்கு வட்டி இதுவா? இறைவனின் திட்டம் இது என்று சாம்பலின் மேல் நின்று விளக்கம் கூறுவதும் எனக்கு உடன்பாடன்று. அது எலிப்பாசின் வேலை. உராக்காமியில் எஞ்சியோர் செய்ததையே நான் நோக்குகிறேன். அவர்கள் இடிபாட்டைத் தோண்டிக் கோயிலின் மணியொன்றை வெளிக்கொணர்ந்தனர். அவ்வாண்டுக் கிறிஸ்துமசுக்கு முந்திய இரவில் அதை ஒலிக்கச் செய்தனர். 1959இல் கோயிலை மீண்டும் எழுப்பினர்.

அதே போரில் நம் மண்ணிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றபோது, அவர்களுள் பெருந்தொகையினர் காட்டிலேயே மடிந்திருந்தனர். தோட்டத்து வாசல்களில் மனைவியரும் தாயரும் காத்திருந்தனர். பலருக்குப் பிணமும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. அத்தாய்மார்களிடம் போய், உறுதியாக நம்பியிருந்தால் வந்திருப்பான் என்று சொல்லத் துணிபவர் யார்? சொல்லத் துணியாதவர், அப்போதனையை வேறு எவரிடமும் சொல்லவேண்டா என்பதே என் வழக்கு. ஒரு தாயின் எதிரில் சொல்லக் கூசும் செய்தி, ஆயிரம் பேர் கூடிய மேடையில் மட்டும் நற்செய்தி ஆகிவிடாது.

பிறகு கிறித்தவன் எதற்காகத்தான் காத்திருக்கிறான்? எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பெயர்ப்பட்டியல் என்று புகழப்படுகிறது. அப்பட்டியலின் முடிவுரை, இவர்கள் ஒருவரும் வாக்களிக்கப்பட்டதை அடையவில்லை என்பதுதான். மோசே நாற்பது ஆண்டு மக்களை நடத்திச் சென்று, நேபோ மலையில் நின்று நாட்டைக் கண்ணால் கண்டான்; காலால் மிதிக்கவில்லை. எனவே கிறித்தவக் காத்திருப்பு ஒரு பொருளுக்கான காத்திருப்பாக இருக்குமாயின், பொருள் வராதபோது அது செத்துவிடும். அது ஓர் ஆளுக்கான காத்திருப்பு. துன்பத்தை விளக்கிச் சொல்லாமல் அதற்குள்ளேயே இறங்கிவந்து சிலுவையில் மாண்டவருக்கான காத்திருப்பு. அவர் மாண்ட வெள்ளிக்கும் உயிர்த்த ஞாயிற்றுக்கும் இடையே ஒரு சனிக்கிழமை உண்டு. அந்நாளைப் பற்றி நற்செய்தி நூல்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. அவரைப் பின்பற்றிய பெண்கள் நறுமணப் பொருள்களை ஆயத்தம் செய்துவிட்டு ஓய்ந்திருந்தனர் என்று லூக்கா மட்டும் குறிக்கிறார். உயிர்த்தெழுதலை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. இறந்தவரின் உடலுக்குச் செய்யவேண்டிய கடமையை எதிர்பார்த்திருந்தனர். கல்லறையை முதலில் அடைந்தவர்கள் அவர்களே. நம்பிக்கை முற்றும் அணைந்துவிட்டதாகத் தோன்றும் நாளிலும் கடமையைக் கையில் வைத்திருந்தவர்களே விடியலைக் கண்டனர்.

கிறிஸ்துவை ஏற்காத வாசகர் இதை என்னோடு சேர்ந்து நம்பவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு நெறியை மதிப்பிட விரும்புவோர், அதன் பெயரால் விற்கப்படும் போலிச் சரக்கை வைத்து மதிப்பிடலாகாது. அவசர அற்புதமும் அடங்கிக் கிடத்தலும் போலிச் சரக்குகள். கிறித்தவப் பொறுமைக்கு ஒரு வாய் உண்டு, அது முறையிடும். இரண்டு கைகள் உண்டு, அவை உழைக்கும். தனக்குப் பின்வரும் தலைமுறைக்குக் கற்பிக்கும் ஒரு நாவும் அதற்கு உண்டு. அந்நாவின் வேலையே ஆசிரியத் தொழில்.

ஆசிரியப் பெருமக்களே, நம்மிடம் தரவேண்டியது ஏதேனும் இருக்கும்போது, அதைக் கேட்டு நிற்பவனுக்குப் பொறுமையைப் போதிக்காதிருப்போம். தரவேண்டியதைத் தந்துவிட்டுப் பின்னர்ப் பேசுவோம். அழுகின்ற பிள்ளையின் வாயை மூடாதிருப்போம். ஏழு நாள் வேண்டா, ஏழு நிமிடமாவது அதனருகில் பேசாமல் அமர்வோம். மாணவச் செல்வங்களே, நீங்கள் விரும்பியது கிடைக்கவில்லை என்பதால் நீங்கள் சபிக்கப்பட்டவர்கள் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். கிடைக்கும் நாளும் கிடைக்காதோ என்ற கேள்வியும் ஒருபுறம் இருக்கட்டும். இன்று எடுக்கவேண்டிய களை எது என்று கேட்டு, குனிந்து அதைப் பிடுங்குங்கள்.